சென்சார் மீது விழுந்த பழி

2005, ஜூலை 13. அமெரிக்காவின் ஃபுளோரிடா கடற்கரையில் இருக்கும் கென்னடி விண்வெளி மையம். ஏவுதளத்தில் ‘டிஸ்கவரி’ விண்வெளி ஓடம் புறப்படத் தயாராக நிற்கிறது. பிற்பகல் 3.51-க்குப் பயணம். தளபதி ஐலீன் காலின்ஸ் என்ற பெண்மணி. அவரோடு சேர்த்து மொத்தம் ஏழு பேர். டாங்க் நிரப்பியாகிவிட்டது. ஆரஞ்சு நிற உடையை மாட்டிக்கொண்டு வீரர்கள் ஓடத்துக்குள் ஏறிக்கொண்டிருக்கிறார்கள். இன்னும் சுமார் இரண்டரை மணி நேரம்தான்.

அந்த நேரம் பார்த்துக் கட்டுப்பாட்டு அறையின் கம்ப்யூட்டர் திரையில், மாற வேண்டிய ஓர் அளவு மாறவில்லை. உடனே கவுன்ட்-டவுனை நிறுத்திவிட்டார்கள். “இன்று பயணம் இல்லை” என்று அறிவிப்பு வந்தது. ஏறியவர்கள் இறங்கினார்கள்.

காரணம், டாங்கின் அடிப்பகுதியில் இருந்த ஒரு சின்னஞ்சிறு சென்சார். அங்கே இருந்தவை நான்கு சென்சார்கள். அவற்றில் இரண்டாம் எண் மட்டும் மக்கர் செய்தது. மற்ற மூன்றும் சமர்த்தாகத்தான் இருந்தன.

“மூணு நல்லா இருக்கே, போயிட்டு வரலாமே?” என்று உங்களுக்குத் தோன்றும். அங்கேயும் சிலருக்குத் தோன்றியிருக்கலாம். ஆனாலும் போகவில்லை. ஏன் போகவில்லை? அந்தச் சென்சாருக்கு என்னதான் ஆயிற்று? உண்மையான குற்றவாளியைப் பிடிக்க விஞ்ஞானிகளுக்கு ஏறக்குறைய இரண்டரை ஆண்டுகள் ஆயின. வாருங்கள், அவர்களோடு சேர்ந்து நாமும் துப்பறியலாம்.

அம்மாடி, எவ்வளவு பெரிய டாங்க்!

விண்வெளி ஓடத்தின் படத்தைப் பார்த்திருப்பீர்கள். இறக்கை வைத்த வெள்ளை ஓடம் ஒரு பெரிய ஆரஞ்சு நிற உருளையின் முதுகில் ஒட்டிக்கொண்டிருக்கும். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு வெள்ளை ராக்கெட்டுகளும் நிற்கும். அந்த ஆரஞ்சு உருளைதான் எரிபொருள் டாங்க். உயரம் சுமார் 47 மீட்டர். பதினைந்து மாடிக் கட்டடம் அளவு!

அதற்குள் இரண்டு அறைகள். மேல் அறையில் திரவ ஆக்சிஜன், சுமார் 5.4 லட்சம் லிட்டர். கீழ் அறையில் திரவ ஹைட்ரஜன், சுமார் 14.5 லட்சம் லிட்டர். ஓடத்தின் வால் பக்கத்தில் மூன்று பெரிய இன்ஜின்கள் இருந்தன. அவை இந்த ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் சேர்த்து எரிக்கும். அதனால் கிடைக்கும் உந்துவிசையில்தான் ஓடம் மேலே போகும். இவ்வளவு பெரிய டாங்க் சுமார் எட்டரை நிமிடத்தில் காலியாகிவிடும் என்றால், எவ்வளவு வேகமாகக் குடிக்கும் இன்ஜின்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஹைட்ரஜன் சாதாரணமாக ஒரு வாயு. அதைத் திரவமாக்க மைனஸ் 253 டிகிரி செல்சியஸ் வரை குளிர வைக்க வேண்டும். நம் வீட்டு ஃப்ரீசர் மைனஸ் 18 டிகிரி. அதோடு ஒப்பிட்டால் இது எங்கேயோ இருக்கிறது. நம் திருநெல்வேலி மாவட்டத்து மகேந்திரகிரியில் இஸ்ரோ கிரையோஜெனிக் இன்ஜின்களைச் சோதித்துப் பார்க்கிறதே, அங்கே பயன்படுவதும் இதே திரவ ஹைட்ரஜன்தான்.

இந்தக் குளிரை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நம் கதையின் முக்கியமான தடயம் அதில்தான் இருக்கிறது.

தீர்ந்தால் என்ன ஆகும்?

எரிபொருள் தீர்ந்துபோனால் இன்ஜின் தானாக நின்றுவிடும், அதற்கு எதற்குச் சென்சார்? நல்ல கேள்வி.

இந்த இன்ஜினில் விஷயம் அப்படி இல்லை. டாங்கில் இருக்கும் ஹைட்ரஜனை இழுத்து, பயங்கர அழுத்தத்தில் இன்ஜினுக்குள் தள்ள ஒரு பம்ப் இருந்தது. அது நிமிடத்துக்குச் சுமார் 35,000 சுற்றுகள் சுற்றும். திரவம் நிறைந்து வரும்வரைதான் அந்த வேகம் கட்டுக்குள் இருக்கும். திடீரென்று திரவம் வராமல் வெறும் வாயு வந்தால், பம்புக்கு எதிர்ப்பே இல்லை. கண்மண் தெரியாமல் சுற்றி, உடைந்து சிதறிவிடலாம். இன்னொரு ஆபத்தும் உண்டு. ஹைட்ரஜன் குறைந்து ஆக்சிஜன் மட்டும் வந்துகொண்டே இருந்தால் உள்ளே வெப்பம் எகிறும். இன்ஜினின் உலோகமே தீப்பிடித்து எரியும். மேலே ஏழு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் அல்லவா?

அதனால்தான் டாங்க் முழுசாக வறண்டுபோவதற்கு முன்பே இன்ஜினை நிறுத்திவிட வேண்டும் என்பது கண்டிப்பான விதி. வழக்கமாகத் தேவையான வேகம் கிடைத்ததும் கம்ப்யூட்டரே இன்ஜின்களை அணைத்துவிடும். டாங்கில் கொஞ்சம் மிச்சமும் இருக்கும். ஆனால் எங்கேயாவது ஒழுகி, கணக்குக்கு முன்பே தீர்ந்துபோனால்? அந்த அவசரத்துக்குத்தான் ஹைட்ரஜன் டாங்கின் அடியில் நான்கு காவலாளிகளை வைத்தார்கள். அவைதான் நம் சென்சார்கள்.

ஒரே ஒரு கேள்வி

இந்தச் சென்சார் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று லிட்டர் கணக்கில் சொல்லாது. “நான் நனைந்திருக்கிறேனா, காய்ந்திருக்கிறேனா?” என்ற ஒரே கேள்விக்குத்தான் பதில் சொல்லும்.

அதற்குள் இருப்பது மெல்லிய பிளாட்டினக் கம்பி. பிளாட்டினத்துக்கு ஒரு குணம் உண்டு. குளிர்ந்தால் அதன் மின்தடை குறையும். சூடானால் மின்தடை கூடும். கம்பி வழியாகக் கொஞ்சம் மின்சாரத்தை அனுப்பினால் அது லேசாகச் சூடேறும். சுற்றிலும் திரவ ஹைட்ரஜன் இருந்தால் அந்தச் சூட்டை அது உடனே உறிஞ்சிவிடும். கம்பி குளிர்ந்தே இருக்கும். மின்தடை குறைவு. அப்படியென்றால் ‘நனைந்திருக்கிறது’. திரவம் இறங்கி, சுற்றிலும் வாயு மட்டும் இருந்தால் சூட்டை உறிஞ்ச ஆளில்லை; கம்பி சூடாகும். மின்தடை கூடும். அப்படியென்றால் ‘காய்ந்துவிட்டது’.

இந்தத் தகவல் ஒயர் வழியாக டாங்கைவிட்டு வெளியே வந்து, ஓடத்தின் வால் பகுதியில் இருக்கும் ஒரு மின்னணுப் பெட்டிக்குப் போகும். அங்கிருந்து கம்ப்யூட்டருக்குப் போகும். ஒரு சென்சார் மட்டும் “காய்ந்துவிட்டது” என்றால் கம்ப்யூட்டர் நம்பாது. ஒன்றுக்கு மூளை பிசகியிருக்கலாம் அல்லவா? இரண்டு சென்சார்கள் சொன்னால்தான் இன்ஜினை அணைக்கும். நான்கு வைத்ததற்குக் காரணம் இதுதான். ஒன்று, ஏன் இரண்டு கெட்டாலும்கூட, மிச்சம் இரண்டு சாட்சி சொல்லும்.

எந்தப் பொய் மோசமான பொய்?

சென்சார் கெட்டுப்போனால் இரண்டு விதமாகப் பொய் சொல்லலாம்.

முதல் பொய்: டாங்கில் எரிபொருள் இருக்கும்போதே “காய்ந்துவிட்டது” என்று சொல்வது. நம்பினால் இன்ஜின்கள் பாதி வழியில் அணைந்துவிடும். ஓடம் விண்வெளிக்குப் போகாது.

இரண்டாவது பொய்: டாங்க் காலியான பிறகும் “நனைந்திருக்கிறேன்” என்று சாதிப்பது. நம்பினால் இன்ஜின் வறண்டு ஓடும், வெடிக்கலாம்.

இரண்டுமே மோசம்தான். இதில் இந்த மின்சுற்றை வடிவமைத்தவர்கள் ஒரு முடிவு எடுத்தார்கள். ஒயர் எங்கேயாவது அறுந்துபோனால் ‘நனைந்திருக்கிறது’ என்றே காட்டும்படி அமைத்தார்கள். ஒயர் அறுந்த ஒரே காரணத்துக்காக, நன்றாகப் போய்க்கொண்டிருக்கும் ஓடத்தை நடுவானில் நிறுத்திவிடக் கூடாது அல்லவா?

இங்கே ஒரு சிக்கலைக் கவனித்தீர்களா? ஏவுதளத்தில் டாங்க் நிரம்பியிருக்கிறது. நல்ல சென்சாரும் “நனைந்திருக்கிறேன்” என்கிறது. ஒயர் அறுந்த சென்சாரும் “நனைந்திருக்கிறேன்” என்கிறது. யார் நிஜமாகச் சொல்கிறார்கள், யார் வெறுமனே சொல்கிறார்கள் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

அதற்கு ஒரு தந்திரம் வைத்திருந்தார்கள். கட்டுப்பாட்டு அறையிலிருந்து, ‘இப்போது காய்ந்துவிட்டதாகக் காட்டு’ என்று ஒரு போலிக் கட்டளை அனுப்புவார்கள். ஒழுங்காக இருக்கும் சுற்று உடனே ‘காய்ந்தது’ என்று மாறும். கட்டளையை நீக்கியதும் ‘நனைந்தது’ என்று திரும்பிவிடும். ஜூலை 13 அன்று மூன்று சென்சார்கள் அப்படியே மாறின. இரண்டாம் எண் மட்டும் மாறவில்லை. “நனைந்திருக்கிறேன்” என்றே நின்றது. கட்டுப்பாட்டு அறையில் மாற வேண்டிய ஓர் அளவு மாறவில்லை என்று சொன்னோமே, அது இதுதான்.

அன்றைய விதிப்படி நான்கும் சரியாக இருந்தால்தான் புறப்படலாம். அதற்கு இரண்டரை ஆண்டுகளுக்கு முன்பு, 2003 பிப்ரவரி 1 அன்று, ‘கொலம்பியா’ ஓடம் பூமிக்குத் திரும்பும்போது சிதறியது. நம் நாட்டில் பிறந்த கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேரும் இறந்தார்கள். அதற்குப் பிறகு நடக்கவிருந்த முதல் பயணம் இது. விதியை மீறி விளையாட யாருக்கும் மனம் வரவில்லை.

சென்சாரை நம்பலாமா, கூடாதா?

“இந்தச் சென்சார்களெல்லாம் எப்போதாவது உண்மையிலேயே உதவியிருக்கின்றனவா?” என்று கேட்பீர்கள். உதவியிருக்கின்றன.

1999 ஜூலை 23. அதே ஐலீன் காலின்ஸ், ‘கொலம்பியா’ ஓடத்தில் தளபதியாகப் போனார். விண்வெளி ஓடத்துக்குத் தளபதியான முதல் பெண் அவர்தான். அவர்கள் எடுத்துப் போனது ‘சந்திரா’ எக்ஸ்-ரே தொலைநோக்கி. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, 1983-இல் நோபல் பரிசு வாங்கிய சுப்ரமணியன் சந்திரசேகரின் பெயரைத்தான் அதற்குச் சூட்டியிருந்தார்கள். கிளம்பும் நேரத்தில், இன்ஜினுக்குள் இருந்த ஒரு குட்டி உலோகப் பின் கழன்று பறந்து, இன்ஜின் வாயில் இருந்த மூன்று மெல்லிய குழாய்களைக் கிழித்துவிட்டது. ஹைட்ரஜன் ஒழுகத் தொடங்கியது. அதைச் சமாளிக்க அந்த இன்ஜின் ஆக்சிஜனைக் கூடுதலாக எடுத்துக்கொண்டது. கடைசியில் கணக்குக்குச் சற்று முன்பே ஆக்சிஜன் தீரும் நிலை. ஆக்சிஜன் பக்கத்திலும் இதே மாதிரிச் சென்சார்கள் இருந்தன. அவை “காய்ந்துவிட்டது” என்றன. கம்ப்யூட்டர் இன்ஜின்களைப் பத்திரமாக அணைத்தது. போக வேண்டிய வேகத்தில் நொடிக்குச் சுமார் 5 மீட்டர்தான் குறைவு. சந்திரா தன் இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

இதற்கு நேர்மாறான கதையும் உண்டு. 1985 ஜூலை 29. ‘சேலஞ்சர்’ ஓடம் ஏழு பேரோடு மேலே போய்க்கொண்டிருந்தது. கிளம்பி ஆறு நிமிடம்கூட ஆகவில்லை, நடு இன்ஜின் அணைந்துவிட்டது. இன்ஜினில் கோளாறே இல்லை. அதன் வெப்பநிலையை அளக்கும் சென்சார்கள் கெட்டுப்போய், ‘சூடு தாங்கவில்லை’ என்று பொய் சொல்லியிருந்தன. சிறிது நேரத்தில் இன்னொரு இன்ஜினின் சென்சாரும் அதே பாட்டைப் பாட ஆரம்பித்தது. அந்த இன்ஜினும் அணைந்திருந்தால் பெரிய ஆபத்து. தரையில் இருந்த ஜென்னி ஹோவர்ட் என்ற பொறியாளர், கெட்டது சென்சார்தான், இன்ஜின் இல்லை என்று நொடிகளில் புரிந்துகொண்டார். ‘இனி கம்ப்யூட்டர் தானாக இன்ஜினை அணைக்காதபடி தடுத்து வையுங்கள்’ என்று சொல்ல வைத்தார். ஓடம் திட்டமிட்டதைவிடத் தாழ்வான சுற்றுப்பாதையில் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது.

ஆகவே, சென்சார் சொல்வதைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பவும் கூடாது. ‘போகட்டும்’ என்று ஒதுக்கவும் கூடாது. அது ஏன் அப்படிச் சொல்கிறது என்று தெரிய வேண்டும்.

கிட்டே போனால் ஒளிந்துகொள்ளும் கோளாறு

சரி, 2005-க்குத் திரும்பலாம். சந்தேகப்பட வேண்டியவர்கள் பட்டியல் நீளமாக இருந்தது. சென்சாரே கெட்டிருக்கலாம். ஒயர் அறுந்திருக்கலாம். ஒயர்களை இணைக்கும் கனெக்டர் சரியில்லாமல் இருக்கலாம். மின்னணுப் பெட்டி கெட்டிருக்கலாம். எர்த் இணைப்பு சரியில்லாமல் இருக்கலாம். பக்கத்தில் ஓடும் வேறு கருவியின் மின் இரைச்சல் குழப்பியிருக்கலாம்.

இதைவிடப் பெரிய தொல்லை ஒன்று இருந்தது. டாங்க் நிரம்பியிருக்கும்போது யாரும் அதன் பக்கத்தில் போய் வேலை செய்ய முடியாது, அவ்வளவு ஆபத்து. சோதித்துப் பார்க்க வேண்டும் என்றால் எரிபொருளை எல்லாம் வடித்துவிட வேண்டும். வடித்துவிட்டால் டாங்க் சாதாரண வெப்பநிலைக்கு வந்துவிடும். வந்ததும் இரண்டாம் எண் சென்சார் ஒழுங்காக வேலை செய்தது! குளிரும்போது கோளாறு வருகிறது, ஆள் போய்ப் பார்க்கும்போது காணாமல் போகிறது.

பறந்து முடித்த டாங்கையாவது பிரித்துப் பார்க்கலாமா? அதற்கும் வழியில்லை. இன்ஜின் அணைந்ததும் டாங்கைக் கழற்றி விட்டுவிடுவார்கள். அது காற்று மண்டலத்தில் விழுந்து எரிந்து சிதறி, மிச்சம் மீதி கடலில் போய்விடும். தடயம் ஒவ்வொரு முறையும் தானாகவே அழிந்தது.

பொறியாளர்கள் பெட்டியைச் சோதித்தார்கள். எர்த் இணைப்புகளைச் சரி செய்தார்கள். அதோடு ஒரு புத்திசாலித்தனமான வேலையும் செய்தார்கள். இரண்டாம் எண் சென்சாரின் ஒயரையும் நான்காம் எண் சென்சாரின் ஒயரையும் இடம் மாற்றி மாட்டினார்கள்.

எதற்கு? யோசித்துப் பாருங்கள். இப்போது பெட்டியின் இரண்டாம் வழியில் நான்காம் சென்சார் இருக்கிறது. நான்காம் வழியில் இரண்டாம் சென்சார் இருக்கிறது. மறுபடி டாங்கை நிரப்பும்போது கோளாறு இரண்டாம் வழியிலேயே வந்தால், குற்றவாளி பெட்டியின் பக்கம் இருக்கிறான். கோளாறு நான்காம் வழிக்கு இடம் பெயர்ந்தால், குற்றவாளி டாங்கின் பக்கம் இருக்கிறான். எதையும் பிரிக்காமலே சந்தேகப் பட்டியலைப் பாதியாகக் குறைக்கும் வழி இது.

ஜூலை 26. டாங்கை நிரப்பினார்கள். போலிக் கட்டளை அனுப்பினார்கள். நான்கு சென்சார்களும் சமர்த்தாகப் பதில் சொல்லின! கோளாறு இரண்டாம் வழியிலும் வரவில்லை, நான்காம் வழியிலும் வரவில்லை. டிஸ்கவரி கிளம்பியது, ஆகஸ்ட் 9 அன்று பத்திரமாகத் திரும்பியும் வந்தது. பயணம் வெற்றி. ஆனால் கோளாறு ஏன் வந்தது, எப்படிப் போனது என்று யாருக்கும் தெரியாது.

மறுபடியும் வந்துவிட்டது!

தானாகப் போன கோளாறு தானாகத் திரும்பி வரும். 2006 செப்டம்பர் 8 அன்று ‘அட்லாண்டிஸ்’ ஓடம் கிளம்பத் தயாராக இருந்தபோது மூன்றாம் எண் சென்சார் தகராறு செய்தது. பயணம் ஒரு நாள் தள்ளிப்போனது. மறுநாள் நான்கும் சரியாக இருந்தன, கிளம்பிவிட்டார்கள்.

அடுத்து 2007 டிசம்பர் 6. மறுபடியும் அட்லாண்டிஸ். ஐரோப்பாவின் ‘கொலம்பஸ்’ ஆய்வுக்கூடத்தைச் சர்வதேச விண்வெளி நிலையத்துக்குக் கொண்டுபோக வேண்டும். இந்த முறை ஒன்றல்ல, ஒன்றுக்கு மேற்பட்ட சென்சார்கள் தப்பாகப் பதில் சொல்லின. டிசம்பர் 9 அன்று மீண்டும் முயன்றார்கள். மீண்டும் ஒரு சென்சார் கெட்டது.

இப்போது யோசிக்க வேண்டிய விஷயம் ஒன்று. நான்கு சென்சார்கள் வைத்ததே, ஒன்று கெட்டால் இன்னொன்று காப்பாற்றும் என்ற நம்பிக்கையில்தான். ஒரே நாளில் பல சென்சார்கள் சேர்ந்து கெடுகின்றன என்றால், அவை தனித்தனியாகக் கெடவில்லை. எல்லாவற்றுக்கும் பொதுவான ஏதோ ஓர் இடத்தில்தான் வியாதி. அந்த இடம் எது?

இனிப் ‘பார்த்துக்கொள்ளலாம்’ என்று விட முடியாது. பயணத்தை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைத்துவிட்டு, கோளாறு வரும் நேரத்திலேயே அதைக் கையும் களவுமாகப் பிடிக்க முடிவு செய்தார்கள்.

ஒயருக்குள் ஓர் எதிரொலி

கிணற்றுக்குள் எட்டிப் பார்த்து “ஓய்!” என்று கத்தியிருக்கிறீர்களா? சத்தம் கீழே போய் மோதித் திரும்பி வரும். மலைப்பக்கம் போனாலும் அப்படித்தான். ஒலி ஒரு நொடியில் சுமார் 340 மீட்டர் போகும். நீங்கள் கத்தி ஒரு நொடி கழித்து எதிரொலி கேட்டால், போக அரை நொடி, வர அரை நொடி. ஆகவே பாறை 170 மீட்டர் தூரத்தில் இருக்கிறது. டேப் பிடித்து அளக்காமலே தூரம் தெரிந்துவிட்டது!

ஒயருக்குள்ளும் இதைச் செய்யலாம். ஒயரின் ஒரு முனையில் மிகச் சிறிய மின் துடிப்பு ஒன்றை அனுப்பினால் அது ஓடிக்கொண்டே இருக்கும். வழியில் ஒயர் அறுந்திருந்தாலோ, இடைவெளி இருந்தாலோ, அங்கே மோதித் திரும்பும். திரும்பி வர எவ்வளவு நேரம் ஆனது என்று அளந்தால் கோளாறு எத்தனை மீட்டர் தள்ளி இருக்கிறது என்று சொல்லிவிடலாம். ஆனால் மின் துடிப்பின் வேகம் பயங்கரம். ஒரு நொடியை நூறு கோடிப் பங்காகப் பிரித்தால், அதில் ஒரு பங்கு நேரத்துக்குள் அது சுமார் 20 செ.மீ. ஓடிவிடும். அந்த நேரத்தையும் பிடிக்கக்கூடிய நுட்பமான கருவிகள் இருக்கின்றன.

2007 டிசம்பர் 18. பயணத்துக்காக அல்ல, சோதனைக்காக மட்டும் டாங்கை நிரப்பினார்கள். அதற்கு முன்பே சென்சார் ஒயர்களில் கூடுதல் ஒயர்களை இணைத்து, இந்தக் கருவி வரை இழுத்து வைத்திருந்தார்கள். ஆள் பக்கத்தில் போக வேண்டியதில்லை. ஹைட்ரஜன் ஏறியது. டாங்க் குளிர்ந்தது. எதிர்பார்த்தபடியே சென்சார்கள் தப்பாகப் பதில் சொல்லத் தொடங்கின. உடனே துடிப்பை அனுப்பினார்கள். எதிரொலி வந்தது.

அது சென்சார் இருக்கும் தூரத்திலிருந்து வரவில்லை. மின்னணுப் பெட்டியிலிருந்தும் வரவில்லை. டாங்கின் சுவரிலிருந்து வந்தது!

அகப்பட்டான் குற்றவாளி

டாங்கின் உள்ளே இருக்கும் சென்சாருக்கு வெளியிலிருந்து ஒயர் போக வேண்டும் என்றால் சுவரில் ஓட்டை போட வேண்டும். ஆனால் ஹைட்ரஜன் துளிகூட வெளியே கசியக் கூடாது. அதனால் அந்த இடத்தில் ஒரு விசேஷமான கனெக்டர் இருக்கும். அதில் வரிசையாக உலோகப் பின்கள். ஒவ்வொரு பின்னைச் சுற்றிலும் கண்ணாடி உருக்கி அடைத்திருக்கும். மின்சாரம் போகலாம், ஹைட்ரஜன் போக முடியாது. வெளியிலிருந்து வரும் பிளக்கில் சின்னச் சின்னத் துளைகள் இருக்கும். அவை இந்தப் பின்களின் மேல் போய்ச் செருகிக்கொள்ளும். நான்கு சென்சார்களின் ஒயர்களும் இந்த ஒரே கனெக்டர் வழியாகத்தான் வெளியே வந்தன. எல்லாவற்றுக்கும் பொதுவான இடம் இதுதான்!

சாதாரண வெப்பநிலையில் பின்னும் துளையும் நன்றாகத் தொட்டுக்கொண்டிருந்தன. கடும் குளிர் வந்ததும் அந்தத் தொடுகை விட்டுப்போனது. கண்ணுக்கே தெரியாத இடைவெளி விழுந்தது. மின்சாரம் போகவில்லை. சுற்று அறுந்ததும், வடிவமைத்தபடியே, ‘நனைந்திருக்கிறது’ என்று காட்டியது. எரிபொருளை வடித்ததும் குளிர் போனது. பின்னும் துளையும் மறுபடி சேர்ந்துகொண்டன. கோளாறு மாயம்!

நம் வீட்டில் சொல்வோமே, ‘லூஸ் கனெக்‌ஷன்’ என்று, அதேதான். பாவம், இத்தனை நாள் பழி சுமந்த சென்சார் மீது தப்பே இல்லை.

மருந்தும் எளிமையாகவே இருந்தது. அந்தக் கனெக்டரைக் கழற்றிச் சோதனைக்கு அனுப்பினார்கள். புதிய கனெக்டரில் பின்னையும் துளையையும் வெறுமனே செருகிவிடாமல், சால்டரிங் செய்து ஒன்றாகப் பற்றவைத்தார்கள். பற்றவைத்த பிறகு எந்தக் குளிரிலும் இடைவெளி விழாது. ‘சென்டார்’ என்ற வேறு ராக்கெட்டில் இதே மாதிரித் தொல்லை வந்தபோது முன்பே கையாண்ட வழிதான் இது.

2008 பிப்ரவரி 7. டாங்கை நிரப்பினார்கள். போலிக் கட்டளை போனது. நான்கும் ‘காய்ந்தது’ என்றன. கட்டளையை நீக்கியதும் நான்கும் ‘நனைந்தது’ என்றன. அட்லாண்டிஸ் கொலம்பஸ் கூடத்தோடு கிளம்பியது. அந்தக் கூடம் விண்வெளி நிலையத்தில் பொருத்தப்பட்டது.

நீங்களும் துப்பறியலாம்

இந்தக் கதை நமக்குக் கற்றுத்தருபவை மூன்று விதிகள். ஒன்று: கோளாறு தானாகச் சரியானால் அது சரியாகிவிட்டதாக நினைக்காதே. இரண்டு: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார். மூன்று: கோளாறு எந்தச் சூழ்நிலையில் வருகிறதோ, அதே சூழ்நிலையில் வைத்துச் சோதி.

இதை வீட்டிலேயே பழகலாம். இரண்டு பேட்டரி போடும் டார்ச் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் நண்பரிடம் கொடுத்து, உங்களுக்குத் தெரியாமல் அதில் ஏதாவது ஒரு கோளாறு வைக்கச் சொல்லுங்கள். தீர்ந்துபோன பேட்டரி ஒன்றைப் போடலாம். இரண்டு பேட்டரிகளுக்கு நடுவில் சின்னக் காகிதத் துண்டு செருகலாம். ஒரு பேட்டரியைத் தலைகீழாகப் போடலாம். டார்ச் எரியாது. இப்போது ஒரு நோட்டில் சந்தேகப் பட்டியல் எழுதுங்கள்: முதல் பேட்டரி, இரண்டாம் பேட்டரி, பல்பு, ஸ்விட்ச், தொடும் இடங்கள். ஒவ்வொரு முறையும் ஒன்றை மட்டும் மாற்றி, எரிகிறதா என்று பார்த்து எழுதுங்கள். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றினால் டார்ச் எரியலாம்; ஆனால் எது கெட்டது என்று உங்களுக்குத் தெரியவே தெரியாது.

அடுத்த முறை டிவி ரிமோட் வேலை செய்யாதபோது அதை மேஜையில் தட்டாதீர்கள். தட்டினால் ஒருவேளை வேலை செய்யும். கோளாறு உள்ளேயேதான் இருக்கும். பேட்டரியைக் கழற்றி, தொடும் இடங்களைத் துடைத்து, ஒவ்வொன்றாகச் சோதித்துப் பாருங்கள். வீட்டுக் கரன்ட்டில் ஓடும் பொருள்களை மட்டும் நீங்களாகத் திறக்கக் கூடாது. அதற்குப் பெரியவர்களைக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள்.